கொலுப்படிக்கு அடியில் ஒரு கேபிள்

ஓடிபி வாங்கிவிட்டால் இன்டர்நெட் புகார் தீர்ந்துவிட்டது என்று நம்புகிற புதுப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். வாடிக்கையாளரின் கைபேசிக்கு எண் வரும், அவர் சொல்வார், நீங்கள் ஆப்பில் தட்டுவீர்கள், 'முடிந்தது' என்று பச்சை நிறத்தில் வரும். அடுத்த வீட்டுக்கு வண்டியைக் கிளப்பிவிடலாம். அந்தப் பச்சையை நானும் பல வருடம் ஆசை ஆசையாகப் பார்த்தவன்தான். செகந்திராபாத் பக்கத்து வட்டாரம் முழுக்க என் பொறுப்பில் இருந்தபோது, மாலையில் திரை முழுக்கப் பச்சையாக இருந்தால்தான் எனக்கு டீயே இறங்கும்.

ஃபைபரை எப்படி ஒட்டுவது, எந்த விளக்கு சிவப்பானால் என்ன அர்த்தம் என்பதெல்லாம் உங்களுக்குப் பயிற்சி வகுப்பில் சொல்லித் தருகிறார்கள். என்னைவிட நன்றாகவே உங்களுக்குத் தெரியும். நான் சொல்லப்போவது ஒரு வீட்டைப் பற்றி. ஓய்வு பெறுவதற்கு முந்தைய நவராத்திரியில் நடந்தது.

அதற்கு முன் என் மேலதிகாரியாக இருந்த ஓர் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை. பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. நாங்கள் யார் போய் 'வேலை முடிந்தது மேடம்' என்றாலும் தெலுங்கில் ஒரே கேள்விதான் கேட்பார்: "எக்கட கூர்ச்சுனி சூசாவு?" எங்கே உட்கார்ந்து பார்த்தாய்? ரவுட்டருக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன் என்று சொன்னவன் தொலைந்தான். வாடிக்கையாளர் எங்கே உட்கார்ந்து வேலை செய்கிறாரோ அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அவர் போன பிறகு அந்தக் கேள்வியைக் கேட்க ஆளில்லாமல் போய்விட்டது.

அந்த நவராத்திரியில் ஒரு பெண் எப்படியோ என் எண்ணைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டாள்.

"சார், நான் கம்ப்ளெயின்ட் குடுக்கதுக்குக் கூப்பிடல. ஒரு சந்தேகம் கேக்கணும்."

"கேளுங்கம்மா."

"நெட் வரலன்னு நான் சொல்லுத ஒவ்வொரு தடவையும் சரியாயிடுச்சுன்னு மெசேஜ் வருது. எனக்குத் தெரியாம எந்த இடத்துல சரியாகுதுன்னு சொன்னீங்கன்னா, நான் அங்க போய் உக்காந்து வேலை பாத்துக்கிடுவேன்."

சிரித்துவிட்டேன். அவளும் சிரித்திருந்தால் அதோடு போயிருக்கும். அவள் சிரிக்கவில்லை. பெயர் ரஹ்மத், சொந்த ஊர் பாளையங்கோட்டை, தார்நாகாவில் ஒரு வீட்டின் செல்லாரில் குடியிருப்பதாகச் சொன்னாள். தரைக்குக் கீழே இருக்கிற தளத்தை இந்த ஊரில் எல்லோரும் செல்லார் என்றுதான் சொல்வார்கள். பெரும்பாலும் வண்டி நிறுத்துவார்கள், சிலர் அறையாக்கி வாடகைக்கு விடுவார்கள்.

கணினியில் பார்த்தேன். இணைப்பு வீட்டுக்கார அம்மாள் சரோஜா பெயரில் இருந்தது. ஒரே வாரத்தில் பல புகார்கள், எல்லாம் அன்றன்றே தீர்க்கப்பட்டவை, எல்லாவற்றுக்கும் முழு நட்சத்திரம். என் வட்டாரத்திலேயே இவ்வளவு திருப்தியான வாடிக்கையாளர் வேறு யாரும் கிடையாது.

அந்த வீட்டுக்குப் போன பையன்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். "அங்க என்னப்பா பார்த்தே?" என்று முதலாமவனைக் கேட்டேன். "ஸ்பீடு சூப்பர் சார். அந்த அம்மா பட்டாணிச் சுண்டல் குடுத்தாங்க" என்றான். அடுத்தவன் போன அன்று கடலைப்பருப்புச் சுண்டல். மூன்றாமவன் கொண்டைக்கடலை வாங்கித் தின்றிருக்கிறான், வீட்டுக்கும் பொட்டலம் கட்டி வாங்கி வந்திருக்கிறான். "செல்லாருக்குள்ள இறங்கினியா?" என்று கேட்டால் மூன்று பேரும் 'கீழயா சார்?' என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள். ரவுட்டர் மேலே கூடத்தில் இருக்கிறது, எண் வருவது மேலே இருக்கிற அம்மாளின் கைபேசிக்கு, சுண்டலும் மேலேயே கிடைக்கிறது. கீழே எதற்கு இறங்குவார்கள்?

மறுநாள் மதியம் நானே போனேன்.

வாசலில் சரோஜா அம்மாளின் கணவர் தேவராஜ் நின்றிருந்தார். ரயில்வே பட்டறையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன் என்பதால் என்னிடம் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். என் கையிலிருந்த பையைப் பார்த்ததும் அவர் முகம் இறுகிவிட்டது.

"டிரில் கொண்டாந்திருக்கியா?"

"பையில இருக்கு சார்."

"பையிலயே இருக்கட்டும். செவுத்துல ஓட்டை நக்கோ. வேற என்ன வேணா செய்."

நக்கோ என்றால் இந்த ஊரில் வேண்டாம் என்று அர்த்தம். சரி என்று சொல்லிவிட்டு, கூடத்துக்குப் போகாமல் நேராகப் பக்கவாட்டுப் படிகளில் செல்லாருக்கு இறங்கினேன். ரஹ்மத் கதவைத் திறந்தாள். சின்ன அறை. மேஜை, மடிக்கணினி, காதில் மாட்டுகிற கருவி, வெளிச்சத்துக்கு ஒரு பேட்டரி விளக்கு. சுவர்களில் போர்வைகளைத் தொங்கவிட்டிருந்தாள். தெருவின் சத்தம் ஒரு துளிகூடக் கேட்கவில்லை. ரவுட்டர் எங்கே என்று நான் கேட்கவில்லை. "உங்க நாற்காலியில கொஞ்சம் உக்காந்துக்கலாமாம்மா?" என்றுதான் கேட்டேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டாள்.

உட்கார்ந்து சோதித்துப் பார்த்தேன். வைஃபை கோடு ஒன்று வந்தது, போனது. கைபேசியில் டவரே இல்லை. தரைக்குக் கீழே அது கிடைக்கவும் கிடைக்காது.

"இவ்வளவு அமைதியான இடம் உங்களுக்கு எதுக்கும்மா?" என்று கேட்டேன்.

அப்போதுதான் அவள் தன் வேலையைச் சொன்னாள். லண்டன் பக்கத்து மருத்துவமனைகளில் ஆங்கிலம் தெரியாத தமிழ் நோயாளிகள் வருவார்கள். மகன் வீட்டுக்குப் போன அம்மாக்கள், இலங்கையிலிருந்து போய்ச் சேர்ந்த பெரியவர்கள். டாக்டருக்கும் அவர்களுக்கும் நடுவே இவள் வீடியோவில் உட்கார்ந்து, இவர் சொன்னதை அவருக்கும் அவர் சொன்னதை இவருக்கும் மாற்றிச் சொல்ல வேண்டும். நோயாளியின் அந்தரங்கம் என்பதால் வேறு யார் காதிலும் விழாத அறை வேண்டும். அங்கே காலை என்றால் நமக்கு மதியம் தாண்டிவிடும்.

"இந்த வாரம் ரெண்டு தடவை பாதியில அறுந்துட்டு சார். ஒரு தடவை டாக்டர் முக்கியமான விஷயத்தச் சொல்லிட்டு இருந்தாரு. அந்த அம்மா 'என்னம்மா சொல்லுதாரு, என்னம்மா சொல்லுதாரு'ன்னு கேக்காங்க. எனக்கு அது கேக்குது, நான் பேசுதது அவங்களுக்குப் போகல. அப்புறம் முழுசாவே போயிட்டு."

காதில் மாட்டுகிற கருவியின் ஒயரைச் சுருட்டினாள்.

"இன்னைக்கு என்னைய கண்காணிப்புல வச்சிருக்காங்க. இன்னைக்கும் ஒரு கால் அறுந்தா லிஸ்ட்ல இருந்து எடுத்துருவாங்க. எனக்குப் புடிச்ச வேலை சார் இது. ரொம்பத் தேடிக் கிடைச்சது."

இதற்கு முன் எப்படி ஓடியது என்று கேட்டேன். பங்குனியில் குடிவந்ததிலிருந்து போன வாரம்வரை ஒரு குறையும் இல்லை என்றாள். என்றைக்கிலிருந்து தகராறு என்று கேட்டதும் தரையைப் பார்த்தாள். தெரியாது என்றாள். தெரியாதவர்கள் அப்படித் தரையைப் பார்க்க மாட்டார்கள்.

மேலே போனேன். கூடத்தில் கால் வைத்ததும் எனக்கு விளங்கிவிட்டது. அப்படி ஒரு கொலுவை நான் பார்த்ததில்லை. தேவராஜ் பட்டறைக்காரர் இல்லையா, மனைவிக்காக இரும்புத் தகட்டிலேயே படிகள் செய்து, ரயில் பெட்டி போல போல்ட் போட்டு முறுக்கி நிறுத்தியிருந்தார். பின்னால் கூரை வரை வெள்ளி ஜிகினாத் தாள். சீரியல் விளக்குகள் பளபளவென்று ஓடின. ராமர் பட்டாபிஷேகம், செட்டியார் கடை, கல்யாண ஊர்வலம், நடுவே கலசம்.

போவன்பள்ளி காய்கறிச் சந்தையில் ஒரு கமிஷன் கடைக்காரர் எலிக்குப் பயந்து ரவுட்டரை இரும்புப் பீரோவுக்குள் பூட்டி வைத்துவிட்டு, கடையில் நெட் வரவில்லை என்று எங்களைத் திட்டித் தீர்த்தது எனக்கு ஞாபகம் வந்தது. இரும்புக்கும் வைஃபைக்கும் ஆகவே ஆகாது.

"அம்மா, இதுக்குப் பின்னால என்ன இருக்கு?" என்று சரோஜா அம்மாளைக் கேட்டேன்.

"செல்லாருக்குப் போற பழைய உள்படி தம்பி. இப்ப யாரும் பொழங்குறதில்ல. கொலு கெழக்கு பாத்து வெக்கணும்ல, அதான் வருசா வருசம் அந்த எடத்துலதான் வெப்போம்."

அவ்வளவுதான் விஷயம். கூடத்து ரவுட்டரிலிருந்து வைஃபை அந்தப் படி வழியாகத்தான் செல்லாருக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் அதற்கு இருந்த ஒரே வாசல் அது. கொலு வைத்த அன்று அந்த வாசலை இரும்பாலும் ஜிகினாவாலும் அடைத்துவிட்டார்கள். ரஹ்மத் என்னிடம் சொல்லாத நாளும் அதுதான்.

இங்கேதான் உங்களுக்குச் சொல்ல வேண்டியது ஆரம்பிக்கிறது. காரணம் தெரிந்தவுடன் வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும் என்று உங்களுக்கு நாக்கு பரபரக்கும், எனக்கும் பரபரத்தது. 'கொலுவை நகர்த்துங்க' என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆவாகனம் செய்த கலசத்தை விஜயதசமிக்கு முன்னால் அசைக்க மாட்டார்கள். சுவரில் துளை போட வீட்டுக்காரர் விட மாட்டார். அந்தப் பெண்ணோ எதையும் கேட்கவே மாட்டாள். மூன்று பேரும் நல்லவர்கள், மூன்று பேருக்கும் நியாயம் இருக்கிறது, மாலைக்குள் லைன் வேண்டும். இந்த மாதிரி வீட்டில் அவசரப்பட்டு யாரையாவது குற்றவாளி ஆக்கிவிட்டீர்கள் என்றால், லைன் வந்தாலும் அந்த வீட்டில் பேச்சு நின்றுவிடும்.

முதலில் தேவராஜிடம் போய் உட்கார்ந்தேன். துளை ஏன் வேண்டாம் என்று சும்மா கேட்டேன். கேட்க ஆள் கிடைக்காமல் காத்திருந்தவர் போலக் கொட்டிவிட்டார். சில வருடங்களுக்கு முன் வேறு ஏதோ கம்பெனிக்காரன் வெளிச்சுவரில் துளை போட்டு செல்லாருக்குள் கேபிள் இழுத்திருக்கிறான். துளைக்கு வெளியே கேபிளைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு வளைத்து உள்ளே விட்டிருந்தால், மழைத் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிப் போயிருக்கும். அவன் மேலிருந்து நேராக உள்ளே செருகிவிட்டான். துளையும் உள்பக்கம் சரிவு. அந்த மழைக்காலம் முழுக்கத் தண்ணீர் கேபிளைப் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்து வந்திருக்கிறது. கீழே பொம்மைப் பெட்டி இருந்திருக்கிறது.

"தசாவதார செட்டு பாபு. காகிதக்கூழ் பொம்மை. பெட்டிய தொறந்து பாத்தா மச்சாவதாரம் கரைஞ்சு போச்சு."

"மீன் தண்ணியில கரைஞ்சிடுச்சா?"

"சிரிக்காத. அன்னிக்கு இவ சோறு திங்கல. ஒண்ணு மட்டும் தனியா எங்கயும் கெடைக்கல. இன்னிக்கும் ஒம்போது அவதாரம்தான் வெக்குறோம், மொதல் எடம் காலி."

போய்ப் பார்த்தேன். கூர்மத்துக்கு முன்னால் ஒரு இடம் வெறுமையாக இருந்தது, அதில் ஒரு பூ வைத்திருந்தார்கள். நம் தொழிலில் எவனோ செய்த அரைகுறை வேலைக்கு அந்த மனிதர் வருடக்கணக்கில் காவல் நின்றுகொண்டிருக்கிறார். வாடிக்கையாளர் 'முடியாது' என்றால் பிடிவாதக்காரர் என்று ஆப்பில் எழுதிவிடுகிறீர்களே, அதற்கு முன்னால் ஒரு தடவை ஏன் என்று கேளுங்கள். துளை போட மாட்டேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்தேன்.

பிறகு சரோஜா அம்மாளிடம் உள்ளதைச் சொன்னேன், மெதுவாக. படி வழியாகத்தான் கீழே லைன் போய்க்கொண்டிருந்தது, இப்போது வழியில் இரும்பு நிற்கிறது, ஆனால் கொலுவை அசைக்க வேண்டியதில்லை என்று சொன்னேன். அந்தக் கடைசிப் பகுதியை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், அதற்குள் அவர் முகம் வாடிவிட்டது.

"ரஹ்மத்தைக் கூப்பிடுங்க" என்றார்.

அவள் வந்து வாசல் நிலையிலேயே நின்றாள்.

"உனக்குத் தெரியுமா, கொலு வெச்சதுல இருந்துதான் வரலன்னு?"

"ஒரு சந்தேகம் இருந்துது ஆன்ட்டி."

"எங்கிட்ட கைக்கு சொல்லல? ஏன் சொல்லல?"

"நான் சொன்னா பொம்மைய எடுக்கச் சொன்ன மாதிரி ஆயிரும். வேற யாரும் சொன்னாப் பரவால்ல. நான் சொன்னா வேற மாதிரி ஆயிரும்னு நெனச்சேன்."

சரோஜா அம்மாள் முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

"எடுத்திருக்க மாட்டேன்தான்" என்றார். "பொய் சொல்ல மாட்டேன். ஆனா நீ சொல்லியிருக்கலாம். கீழ நீ தவிச்சுக்கிட்டு இருந்திருக்க, நான் மேல அந்தப் பசங்களுக்குச் சுண்டல் குடுத்து அனுப்பிச்சுக்கிட்டு இருந்திருக்கேன். வெயில்ல வந்தானுங்க, எண்ணு கேட்டானுங்க, பாவம்னு சொல்லிட்டேன்."

எனக்கு அந்த நிமிடம் இருவரையும் ரொம்பப் பிடித்துவிட்டது. அதை வெளிக்காட்டிக்கொள்ள நேரமில்லை, அவளுக்கு வேலை நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. கீழே ஒரு வைஃபை பெருக்கி வைத்துவிடலாம் என்று உங்களில் சிலர் யோசிப்பீர்கள். இரும்புக்குப் பின்னால் அதற்கே சிக்னல் பசி தீராது, அது எதைப் பெருக்கும்? ரவுட்டரிலிருந்து அவள் மேஜை வரை கம்பி ஒன்றே வழி. நான் கொலுவைச் சுற்றிச் சுற்றி வந்தேன். சீரியல் விளக்கின் ஒயர் கீழ்ப்படிக்கு அடியில் நுழைந்து பின்பக்கம் போயிருந்தது.

"அம்மா, விளக்கு ஒயர் போற வழியிலயே ஒரு லேன் கேபிளும் போகலாமா? முன்பக்கமா நான் தொட மாட்டேன். கீழ இருந்து பழைய படி வழியா ஏறி பின்பக்கமா வாங்கிக்கறேன்."

அவர் கொலுவைப் பார்த்தார், பிறகு கணவரைப் பார்த்தார். "விளக்கு ஒயரு போகலாம்னா அதுவும் போகலாம்" என்றார்.

செல்லாரில் அந்த உள்படியின் கதவுக்குப் பின்னால் காலியான பொம்மைப் பெட்டிகள் உச்சிவரை அடுக்கியிருந்தன. ரஹ்மத் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, நான் இறக்கி வைத்தேன். கதவுக்குள் நுழையும் முன் அவள் நின்றுவிட்டாள்.

"ஆன்ட்டி, நான் கொலுவுக்குப் பின்னால வரலாமா?" என்று மேலே பார்த்துக் கேட்டாள்.

"ஹவ், வா வா. இதுக்கெல்லாம் கேப்பாங்களா?" என்று ஜிகினாத் தாளுக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது.

என் முழங்கால் அந்தப் படிகளில் செய்த அட்டகாசத்தை நான் எழுதப் போவதில்லை. பொம்மைகளைப் பொதிந்த வைக்கோலின் தூசி மூக்கில் ஏறியது. தவழ்ந்து போய் இரும்புப் படிக்கு அடியில் கையை விட்டேன். அந்தப் பக்கமிருந்து தேவராஜ் திரைச்சீலைக் கம்பியின் நுனியில் கேபிளைக் கட்டித் தள்ளினார். தும்மல் வந்தபோது மேலே செட்டியார் பொம்மை ஆடிவிட்டதாம், சரோஜா அம்மாள் போட்ட அதட்டலில் அடுத்த தும்மலை விழுங்கினேன். கேபிள் கைக்கு வந்தது. படியோரமாக இறக்கி, கதவுக்கு அடியிலிருந்த இடைவெளி வழியே மேஜைக்குக் கொண்டுபோய் மடிக்கணினியில் நேராகச் செருகினேன். கரண்ட் போனால் அணைகிற பெட்டி எதையும் நடுவில் வைக்கவில்லை. அவள் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். லைன் கல்லு மாதிரி நின்றது.

இதோடு எண்ணை வாங்கிக்கொண்டு கிளம்பியிருந்தால் நானும் உங்களில் ஒருவன்தான். மேலே போய் ஒன்று கேட்டேன்: "கரண்ட் போனா இந்த வீட்டுல எதெல்லாம் எரியும்?"

"இன்வெர்ட்டர் இருக்கு. ஆனா பேட்டரி பழசு. ஒரு ஃபேனு, கொலு லைட்டு. கொலு லைட்டுக்கு அப்புறம்தான் ஃபேனு" என்றார் தேவராஜ், ஒரு பெருமூச்சோடு.

ரவுட்டரின் செருகி டிவிக்கான சுவிட்ச் பலகையில் இருந்தது, அதற்கு இன்வெர்ட்டர் கிடையாது. பிடுங்கி, கொலு விளக்கு செருகியிருந்த பலகையில் மாற்றினேன். ஒவ்வொரு வீட்டிலும் அணைய விடாத ஒன்று இருக்கும். சில வீடுகளில் குளிர்சாதனப் பெட்டி, சில வீடுகளில் மீன் தொட்டியின் மோட்டார். அது எது என்று கண்டுபிடித்து உங்கள் லைனை அதோடு சேர்த்துவிடுங்கள்.

முதல் கால் முடியும்வரை இருக்கிறேன் என்று சொல்லி உட்கார்ந்துகொண்டேன். அது என் பழக்கம். சுண்டலும் அதற்கு ஒரு காரணம், மறைப்பானேன். மாலை ஆனது. குத்துவிளக்கு ஏற்றினார்கள். எதிர் வீட்டுத் தெலுங்குப் பெண் வெற்றிலை பாக்குக்கு வந்து உட்கார்ந்தாள். கீழே கதவு சாத்தியிருந்தது, ரஹ்மத்துக்குக் கால் வந்துவிட்டது என்று ரவுட்டர் விளக்கின் வேகமான துடிப்பை வைத்துத் தெரிந்துகொண்டேன். அது முடியாமல் நீண்டுகொண்டே போனது.

அப்போது மழை பிடித்தது. இந்த ஊர் மழையும் மின்சாரமும் ஒரே நேரத்தில் இருந்து நான் அதிகம் பார்த்ததில்லை. கரண்ட் போனது. கொலு விளக்கு ஓடியது, ஃபேன் சுற்றியது, ரவுட்டரில் பச்சை நின்றது. எனக்குள் ஒரு சின்னக் கர்வம் வந்தது. தேவராஜ் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

கொஞ்ச நேரத்தில் இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்தது. கிழட்டு பேட்டரி. தேவராஜ் எழுந்துபோய் ஃபேனை அணைத்தார். கத்தல் நின்று, மறுபடி தொடங்கியது. இன்னும் சில நிமிடங்களில் எல்லாம் சேர்ந்து போய்விடும் என்று எனக்குத் தெரியும். வழியும் தெரியும், ஆனால் அதைச் சொல்ல நான் யார்? கலசத்துக்கு முன்னால், வந்தவர் உட்கார்ந்திருக்க, 'கொலுவை இருட்டாக்குங்க' என்று எந்த வாயால் கேட்பது? கைகளைப் பிசைந்துகொண்டு நின்றேன். இவ்வளவு வருட அனுபவத்தில் அப்படி ஒரு கையாலாகாத நிலை எனக்கு வந்ததில்லை.

சரோஜா அம்மாள் எழுந்தார். யாரையும் கேட்கவில்லை. பலகைக்குப் போய், எது எந்தச் செருகி என்று விரலால் ஒரு தடவை பார்த்து உறுதிசெய்துகொண்டு, சீரியல் விளக்கை அணைத்தார். கத்தல் நின்றது.

கூடம் இருண்டது. குத்துவிளக்கின் வெளிச்சம் மட்டும் பொம்மைகளின் முகத்தில் பட்டது.

எதிர் வீட்டுப் பெண் தெலுங்கில் கேட்டாள்: "ஏமைந்தி அம்மா, லைட்டு தீசேசாரா?" ஏன் விளக்கை எடுத்துவிட்டீர்கள் என்று.

"கீழ ரஹ்மத் அம்மாயி பேசிக்கிட்டு இருக்கா" என்றார் சரோஜா அம்மாள். "குத்துவிளக்கு எரியுதுல்ல, போதும். பாட்டு அப்புறம் பாடலாம்."

நாங்கள் நால்வரும் அந்த இருட்டில் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். வெளியே மழை. ஒரு பச்சைப் பொட்டையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். வியர்த்துக் கொட்டியது, தேவராஜ் கல்யாணப் பத்திரிகை ஒன்றால் எனக்கும் சேர்த்து விசிறினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, இருட்டு என்பதால் தப்பித்தேன்.

துடிப்பு நின்றது. பிறகு பக்கவாட்டுப் படியில் காலடிச் சத்தம். ரஹ்மத் நனைந்துகொண்டே ஓடி வந்தாள். இருட்டாக இருந்த கூடத்தையும் எங்களையும் பார்த்துத் திகைத்து நின்றாள்.

"கரண்டு இல்லையா? எப்ப போச்சு?"

"போனதே தெரியலயா உனக்கு?" என்றார் தேவராஜ்.

அவள் கொலுவைப் பார்த்தாள். அணைந்திருந்த விளக்குச் சரத்தைப் பார்த்தாள். பிறகு சரோஜா அம்மாளைப் பார்த்தாள்.

"யாரு பேசுனா, என்ன ஆச்சு?" என்று கேட்டார் சரோஜா அம்மாள்.

"அது சொல்லக் கூடாது ஆன்ட்டி." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஒரு அம்மா. ரொம்ப நாளா யார்ட்டயும் சொல்லாம வச்சிருந்ததெல்லாம் இன்னைக்கு டாக்டர்ட்ட சொன்னாங்க. ஒரு வார்த்தை விடாம முழுசா சொல்லி முடிச்சாங்க. அவ்வளவுதான் நான் சொல்லலாம்."

சரோஜா அம்மாள் இலைக் கிண்ணத்தில் சுண்டலை எடுத்து அவள் கையில் வைத்தார். அவள் இரண்டு வாய் சாப்பிட்டிருப்பாள், கைபேசியில் அடுத்த அழைப்பு வந்துவிட்டது. லிஸ்டில் இன்னும் இருக்கிறாள் என்று அர்த்தம். கிண்ணத்தை என் கையில் திணித்துவிட்டு மழையில் படி இறங்கி ஓடினாள்.

சரோஜா அம்மாள் கொலு விளக்கைப் போடாமல், மறுபடி ரவுட்டருக்கு எதிரே போய் உட்கார்ந்துகொண்டார்.